பொட்டு வைத்த சவுக்கு

1981 பிப்ரவரி 1, ஞாயிறு

காலையில் பனி, எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். இரண்டு ரவிக்கை முடிந்தது. கொக்கி மட்டும் பாக்கி.

அவர் மைதானத்திலிருந்து பாதி வில்லோடு வந்தார். மீதிப் பாதி அந்தோணி கையில். வில் சங்கத்தில் இருந்ததே இரண்டு மூங்கில் வில்தான். அதில் ஒன்று இவர் இழுத்த இழுப்பில் கணுவோடு முறிந்து, தாடையில் சிவப்பாக ஒரு கோடு. இனிமேல் சொந்த வில் இருக்கிறவர் பேரைத்தான் அணித் தேர்வுக்கு எழுதுவார்களாம். தேர்வு அடுத்த தையில். கடையில் விற்கிற வில் நமக்கு எட்டாத உயரம். மில்லில் எட்டு மணி நேரம் நின்றாலும் அலுக்காத ஆறடி மனிதர், மிட்டாயைத் தொலைத்த பிள்ளை மாதிரி நாற்காலியில்.

"நாமளே செஞ்சிடலாங்க" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. உறைத்ததும் குஷியாகிவிட்டது.

அந்தோணி இவருடைய பள்ளிக்கூடத்துச் சினேகிதர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் போன வருஷம் ஊர் திரும்பியவர். அங்கே மர வில் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார், செய்ததில்லை. "செய்யலாம் மதாம். ஆனா வெட்டுன மரத்த ஒடனே தொடக்கூடாது. நெழல்ல படுக்க வெச்சி மாசக்கணக்கா காய விடணும். பசியான்ஸ் வேணும், பசியான்ஸ்."

உள்ளேயிருந்து அத்தை ஒரு தட்டில் நாலு தோசையோடு வந்து அந்தோணி முன்னால் வைத்தார். "பசின்னு சொல்லிச்சே புள்ள."

பசியான்ஸ் என்றால் பிரெஞ்சில் பொறுமையாம். அந்தோணி அந்த விளக்கத்தை நாலு தோசையும் தீர்ந்த பிறகுதான் சொன்னார்.

பிப். 4, புதன்

உழவர்கரை மரவாடி. வெயிலில் நடை.

"வில்லுக்கு மரம் வேணும்."

"வில்லு வண்டியாம்மா? வில்லு இரும்புக்கடையில கேளுங்க. மரத்துல வில்லு போட்டீங்கன்னா மொத பள்ளத்துலயே வண்டி படுத்துக்கும்."

அம்பு விடுகிற வில் என்று கையால் இழுத்துக் காட்டினேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூத்துக்கா?"

ஆனாலும் நல்ல மனிதர். நாலைந்து சட்டம் எடுத்துப் போட்டார். எல்லாம் மில்லில் அறுத்தது, பார்க்க மழமழவென்று. குனிந்து பார்த்தால் மரத்தின் இழை ஒரு பக்கம் ஓடுகிறது, அறுத்த விளிம்பு ஒரு பக்கம் ஓடுகிறது. துணியைக் குறுக்கு இழையில் வெட்டித் தைத்தால் இழுத்த இழுப்பில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? இதுவும் அப்படித்தான் பிளக்கும். அறுத்த மரம் வேண்டாம். மரம் எப்படி வளர்ந்ததோ அப்படியே முழுக்கழியாக வேண்டும்.

யோசித்தவை:
மூங்கில். அந்தப் பேச்சை எடுத்தாலே அவர் தாடையைத் தடவுகிறார்.
வேலிக்காத்தான். கெட்டி. நேராக ஒரு முழம் கிடைத்தால் அதிசயம்.
பாக்கு. இங்கே எங்கே போய்த் தேட.
சவுக்கு. நேர், கனம், ஊரெல்லாம் கிடைக்கும். காயும்போது வெடிக்குமாம். பார்த்துக்கொள்ளலாம்.

கொக்கி இன்னும் வைக்கவில்லை. பக்கத்துத் தெரு அம்மாள் இரண்டு தடவை வந்துபோனாராம்.

பிப். 8, ஞாயிறு

தவளக்குப்பம் தாண்டி ஒரு தோப்பில் சவுக்கு வெட்டு என்று கேள்விப்பட்டு நானும் அவரும். என்ன ஒரு நாள்!

ஓரத்து மரங்களை முதலிலேயே ஒதுக்கினேன். கடல்காற்றுக்குச் சாய்ந்து சாய்ந்து ஒரு பக்கம் மட்டும் தடித்தவை. உள்ளே நெருக்கத்தில் நின்றவை வெளிச்சத்துக்காக நேரே மேலே போயிருக்கின்றன, கிளையும் குறைவு. வெட்டிக் கிடந்ததை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். பட்டையில் ஓடுகிற கோடு கழியைச் சுற்றிக்கொண்டு போனால் உள்ளே இழையும் முறுக்கு. வேண்டாம். கிளை முறிந்த முண்டு இருந்தால் வேண்டாம். இலேசாக வளைந்தது? அவர் சரி என்றார், நான் வேண்டாம் என்றேன்.

வெட்டுகிற ஆள் கத்தியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார். "அடுப்புக்கும் பந்தலுக்கும் வாங்க வருவாங்க. கட்டைக்குப் பொண்ணு பாக்குறவங்கள இன்னிக்கித்தான் பாக்கறேன்."

கடைசியில் கிடைத்தது. மற்றதற்கெல்லாம் அடியில் கிடந்தது. பட்டைக் கோடு வகிடு எடுத்த மாதிரி நேர். ஒரு பக்கம் முழுக்க ஒரு முண்டு இல்லை. பருமன் என் முழங்கை அளவு. நீளம் என் தலைக்கு மேல் ஒரு முழம். தொட்டதும் கை சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. அவரிடம், "இதான்" என்றேன். "இதுதானா, இல்ல இன்னும் ஒரு வண்டி உருட்டணுமா?" என்றார்.

பஸ் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார். கழி வீடு வந்து சேர்ந்தது ஒரு வில் வண்டியில். மரவாடிக்காரரிடம் சொல்ல வேண்டும்.

பிப். 9, திங்கள்

தம்பி பிள்ளைச்சாவடியில் படகுகளுக்குப் பேர் எழுதுகிறவன். அவனிடமிருந்து மிச்சப் பெயிண்ட் வாங்கி வந்தேன். மஞ்சள் அரை டப்பா, சிவப்பு அடியில் கொஞ்சம்.

மரத்தின் ஈரம் இரண்டு முனை வழியாகத்தான் அவசரமாக வெளியே ஓடுமாம். அவசரப்பட்டால் வெடிப்பு. அதனால் இரண்டு முனைக்கும் மஞ்சள் பெயிண்ட் கெட்டியாக, விளிம்பு தாண்டி நாலு விரல் வரை. பட்டையை உரிக்கவில்லை, அதுதான் அதற்குச் சட்டை. முண்டு இல்லாத பக்கம் எதுவென்று மறந்துவிடாமல் இருக்க மேல் முனையில் சிவப்பில் ஒரு புள்ளி. அந்தப் பக்கம்தான் வில்லின் முதுகு, குறியைப் பார்க்கிற பக்கம்.

அவர் தூரத்தில் நின்று பார்த்தார். "மஞ்சள் பூசி பொட்டும் வெச்சாச்சு. தாலி மட்டுந்தான் பாக்கி."

வைத்த இடம்: பின் அறைச் சுவரில் இரண்டு முளை அடித்து அதன் மேல் படுக்கையாக. தரை ஈரம் கிடையாது, வெயில் கிடையாது, காற்று உண்டு. கைக்கு எட்டாத உயரம். அத்தைக்கு மட்டும் இதில் திருப்தி இல்லை. "வெறகுக்கு இவ்ளோ மரியாதையா?"

மே 17, ஞாயிறு

கத்திரி வெயில். தையல் மிஷின் கை வைத்தால் சுடுகிறது.

நாற்காலி போட்டு ஏறிக் கழியைப் பார்த்தேன். கீழே மாவு மாதிரி கொஞ்சம் தூள். உளுத்துவிட்டதா? துடைத்து, உருட்டி, மோந்து பார்த்து... கழியில் ஒரு ஓட்டை இல்லை. மேலே கூரை வாரை உளுத்துக் கொட்டுகிறது! வீடு இடிந்தாலும் பரவாயில்லை, கழி நன்றாக இருக்கிறது.

பொட்டு வைத்த பக்கம் ஒரு கீறல் இல்லை. விரல் முட்டியால் தட்டினேன். மாசியில் பொத்தென்றது, இப்போது கணீரென்று கேட்கிறது. அவரையும் தட்டச் சொன்னேன். அத்தையையும் தட்டச் சொன்னேன். அத்தை தட்டாமலே போய்விட்டார்.

கொழுந்தன் குமாருக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவு. எனக்கு எத்தனை ரவிக்கையோ.

சாயங்காலம் அந்தோணி வந்திருந்தார். இவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "லேடீஸ் பிரிவுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க மொன்னாமி, பேர் குடுக்க ஒரு ஆள் இல்ல." மொன்னாமி என்றால் சினேகிதனாம்.

ஆகஸ்ட் 31, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதினால்தான் ஆறும்.

நேற்று பிள்ளைச்சாவடிக்கு அழைப்பு வைக்கப் போனவள் அங்கேயே தங்கிவிட்டேன். இன்று காலை பந்தக்கால். ஏழரைக்கு ராகுகாலம், அதற்குள் நட வேண்டும். பஸ் வரவில்லை, வரவில்லை, எட்டுக்கு வந்தது.

வாசலில் நுழைகிறேன். பந்தக்கால் நட்டாகிவிட்டது. மாவிலை, மஞ்சள் துணியில் நவதானிய முடிச்சு. உச்சியில் மஞ்சள் முகம். நடுவில் சிவப்புப் பொட்டு.

என் கழி.

பந்தல்காரர் ஏழு மணி வரை கால் கொண்டுவரவில்லையாம். அத்தை தவித்துப்போய் வீட்டைச் சுற்றிப் பார்த்தாராம். "மேல முளையடிச்சி பத்தரமா வெச்சிருந்தியே. மஞ்சள் பூசி, குங்குமம் வெச்சி, ஒரு வளைவு சுளிவு இல்லாம. எனக்குத் தெரியாமலே கல்யாணத்துக்குத் தயாரு பண்ணியிருக்கான்னு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சி தெரியுமா?" கண்ணில் தண்ணீர் வேறு.

அவர் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். கேட்டேன். "நீங்க சொல்லலியா?"

"அம்மா ரெண்டு கையிலயும் மஞ்சளோட நிக்கறாங்க. ராகுகாலத்துக்கு அஞ்சு நிமிஷம் இருக்குது. நான் இன்னாத்த சொல்றது?"

மூத்த மருமகள் நான் வரவில்லை என்று பால் ஊற்றுவதில் ஒரு பங்கு மிச்சம் வைத்திருந்தார்கள். கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்கள். ஏழு மாதம் ஒரு சொட்டு ஈரம் படாமல் காத்த கழிக்கு என் கையாலேயே பால் ஊற்றினேன்.

செப்டம்பர் 2, புதன்

பந்தல்காரர் இன்று ஆணியும் சுத்தியுமாக வந்தார். தட்டி கட்ட என் கழியில் ஆணி அடிக்கப் போகிறார். தையலைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"சாமிக்கால்ல ஆணி அடிப்பியா? குடும்பம் வெளங்குமா?"

நான்தான் கத்தினேன். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பந்தல்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பெருமை. எனக்குக் கொஞ்சம் வெட்கம். கொஞ்சம்தான்.

பொட்டு தெருவைப் பார்த்து நிற்கிறது. முண்டில்லாத பக்கம் வெயில் படுகிறது. ஒரு பழைய சேலையைச் சுற்றிவிட்டேன். பக்கத்து வீட்டில் இதையும் ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

செப். 4, வெள்ளி

கல்யாணம் நன்றாக நடந்தது. குமாருக்கு மாலை கனம் தாங்கவில்லை. சாம்பாரில் உப்புக் கம்மி. சாயங்காலம் மழை. எல்லோரும் பாயை எடுக்க ஓடினார்கள், நான் கழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

செப். 10, வியாழன்

பந்தக்காலை ஒற்றைப்படை நாளில்தான் பிடுங்க வேண்டுமாம். மூன்றாம் நாள் அஷ்டமி. ஐந்தாம் நாள் செவ்வாய். இன்று ஏழாம் நாள், புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டில், அவர்கள் இல்லாமல் எடுக்கக்கூடாது. ஒன்பதாம் நாள் சனிக்கிழமை.

பசியான்ஸ் என்று சொல்லிக்கொண்டே தைத்ததில் கையை வைக்க வேண்டிய இடத்தில் கழுத்தை வைத்துவிட்டேன்.

செப். 14, திங்கள்

எடுத்தாயிற்று! ஓடிப்போய்த் தூக்கினேன். நேராகத்தான் இருக்கிறது. மண்ணில் இருந்த பகுதி மட்டும் கறுத்து, பட்டைக்குள் கரையான் மண்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே அத்தை சொன்னார். பந்தக்காலைக் கடலில் விட வேண்டும்.

உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மஞ்சள் படகுப் பெயிண்ட். பொட்டு வில்லின் முதுகு. உங்கள் பிள்ளை தையில் தேர்வுக்குப் போக வேண்டும், இது இல்லாவிட்டால் பேரையே எழுத மாட்டார்கள். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அத்தை திட்டுவார் என்று பார்த்தேன். "நான் சாமின்னு நெனச்சி கும்புட்டது பெயிண்ட்டயா?" என்றார். பிறகு சிரித்தார். பிறகு யோசித்தார். பால் ஊற்றிய கால், சும்மா கொடுக்க மனசு வரவில்லை.

"மண்ணுல இருந்தது தண்ணிக்கு. மண்ணுக்கு மேல நின்னது உனுக்கு."

அத்தையே கழியைப் பிடித்து, கறுப்பு முடிந்த இடத்துக்கு மேலேயும் பாதுகாப்புக்கு நாலு விரல் விட்டுக் கரித்துண்டால் கோடு போட்டார். அங்கே வெட்டினோம். கீழ்த்துண்டு மாலையும் பூவுமாகக் கடலுக்குப் போய்விட்டது.

மிச்சத்தை நிறுத்திப் பார்த்தால் என் உச்சந்தலைக்குச் சரியாக இருக்கிறது. அவருக்குத் தோள் வரைதான். அவர் ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்தார். "உடு, போவுது" என்று ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார். டிபன் பாக்ஸை எடுக்க மறந்துவிட்டார்.

நவம்பர் 22, ஞாயிறு

நாலு நாளாக மழை. தெருவே வாய்க்கால். துணி காயவில்லை.

புது வெட்டு முனைக்கும் பெயிண்ட் அடித்து, கழியைச் சமையல்கட்டுப் பரணுக்கு மாற்றியிருக்கிறேன். அடுப்புக்கு நேரே மேலே அல்ல, கொஞ்சம் தள்ளி. இந்த வீட்டில் மழைக்காலத்தில் காய்ந்திருக்கிற ஒரே இடம் அதுதான். காலையில் பார்த்தால் ஒழுகுகிற பக்கம் கழியின் மேல் ஒரு எண்ணெய்த்தாள் போர்த்தியிருக்கிறது. நான் போர்த்தவில்லை. அத்தையிடம் கேட்டால், "எனுக்கு இன்னா தெரியும்" என்கிறார்.

அவர் கழியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. மைதானத்துக்கும் போவதில்லை.

டிசம்பர் 6, ஞாயிறு

வெயில் வந்தது. பட்டையை உரித்தேன். உள்ளே செம்மண் நிறம், இழை நேர் நேராக! கரையான், அத்தை போட்ட கோட்டைத் தாண்டவே இல்லை. பொட்டுப் பக்கத்து மேல்தோலைத் தொடவே கூடாது, உள்பக்கத்தை மட்டும்தான் சீவ வேண்டும். இரவல் சீவுளி. சவுக்கு இரும்பு மாதிரி, கை கொப்புளம்.

சாயங்காலம் வரை அவர் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படித்தார். ஒரு பக்கத்தையே எத்தனை நேரம் படிப்பார். நான் ஒரு இடத்தில் கூடுதலாகச் சீவப்போனதும் பேப்பர் கீழே விழுந்தது.

"அங்க வாணாம். கொண்டா இப்டி."

அதற்குப் பிறகு அவர்தான் சீவினார். நான் விளக்கைப் பிடித்தேன். சோறு ஆறிவிட்டது.

டிச. 20, ஞாயிறு

வில் ஆகிவிட்டது! கண்ணாடித் துண்டால் வழித்து, எண்ணெய் பூசி. நாண், தம்பி கொடுத்த வலை நைலான், முறுக்கி மெழுகு தடவியது. வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிறது, பார்க்கப் பார்க்க ஆசை.

அந்தோணி அவருடைய கையையும் வில்லையும் அளந்தார். அளந்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். "உன் கைக்கு முழுசா இழுத்தா முறியும் மொன்னாமி. ஒரு சாண் கம்மி." பிறகு மெதுவாக, "மதாம் கைக்குச் சரி."

அவர் வில்லை என் கையில் கொடுத்தார். நான் இழுத்தேன். கன்னம் வரை வந்தது, முனகக்கூட இல்லை. எனக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. அவருக்காகச் செய்தது, அவருக்கு இல்லை என்று ஆகிவிட்டது, எனக்கு அழுகை வர வேண்டாமா? சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்துத்தான் அழுகை வந்தது.

அவர் தெருவுக்குப் போய்விட்டார்.

டிச. 27, ஞாயிறு

பின்புறம் வைக்கோல் மூட்டை இரண்டு அடுக்கியிருந்தது. அவர் வேலை. விடிகாலையிலிருந்து என்னை நிற்க வைத்துப் பிராணனை வாங்குகிறார்.

"கோவமாங்க?"

"ஆமா."

"எம்மேலயா?"

"யாரு மேலன்னு தெரியல. கோவம் ஒரு பக்கம் இருக்கட்டும், முழங்கைய தூக்கு."

எட்டு அம்பில் மூன்று மூட்டையில். ஒன்று அத்தை காயப்போட்ட வடகத்தில்.

1982 ஜனவரி 9, சனி

மைதானத்துக்குப் போய்வந்தார். சட்டையைக் கழற்றிக்கொண்டே, சாதாரணமாக: "என் பேர அடிக்கச் சொல்லிட்டேன். உன் பேர எழுதியாச்சி. லேடீஸ்ல இப்ப ரெண்டு பேரு."

ரவிக்கைக்குக் கொக்கியைத் தலைகீழாக வைத்துத் தைத்திருக்கிறேன்.

ஜன. 17, ஞாயிறு

மைதானம். காற்றில்லை, நல்ல வெயில். என் முறைக்கு முன்னால் கொஞ்சம், வந்த பிறகு மீதி என்று எழுதுகிறேன்.

கிளம்பும்போது அத்தை வாசலில் நிறுத்தினார். பட்டையை உரித்துச் சீவியதில் பழைய பெயிண்ட் எல்லாம் போய்விட்டது. வில்லின் மேல் முனையில் மஞ்சளைத் தடவி, நடுவில் குங்குமம் வைத்தார். "இது நெஜ மஞ்சளு" என்றார்.

இன்னொரு பெண் காலேஜில் படிக்கிறவள். கையில் பளபளவென்று கடை வில். என் வில்லைத் தொட்டுப் பார்த்து, "இன்னா மரம்கா?" என்றாள். "பந்தக்கால்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

குறிப்பலகையை இவ்வளவு பக்கத்தில் இன்றுதான் பார்த்தேன். வெளியே கறுப்பு, நீலம், அப்புறம் சிவப்பு, நட்டநடுவில் மஞ்சள். அட!

மைக்கில் என் பேர், "அஞ்சலை". இதுவரை யாரும் என்னை மைக்கில் கூப்பிட்டதில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நின்றேன். அந்தோணி முதுகில் தட்டினார்.

முதல் அம்பு புல்லில். யாரோ சிரித்தார்கள். இரண்டாவது நீலம். அவர் பக்கத்தில் நின்று வாயைத் திறக்காமல் தன் முழங்கையைத் தூக்கிக் காட்டினார். தூக்கினேன். இழுத்தேன். சவுக்கு வளைந்து கன்னத்துக்கு வந்தது. பசியான்ஸ். விட்டேன்.

மூன்றாவது எங்கே போய் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். அவர்தான் ஓடினார். விசில் ஊதும் முன்பே, சங்கச் செயலாளர் திட்டத் திட்ட ஓடினார். பலகைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல் அங்கிருந்தே கத்தினார்.

"அஞ்சல... மஞ்சள்!"